செய்நிரலும் மொழிபெயர்ப்புக் கருவியும்: ஒரு நோக்கு

ஹந்தானை மலைத்தொடரின் அடிவாரத்திலே, மகாவலி கங்கையின் இரு கரைகளிலும் பேராதனைப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கின்றது. 1942ஆம் ஆண்டிற் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே குடியேறத் தொடங்கிற்று. பொறியியற் பீடம் 1964இல் வந்து சேர்ந்தது. அதே மலையின் சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்களும் அவற்றிடையே லயன் வரிசைகளும் உள்ளன. தோட்டத்துப் பாடசாலையில் எழுத்தறிந்து, உயர்தரம் வரை தமிழ்மூலம் கற்று, கணினித் துறைக்குத் தெரிவாகும் ஒரு மாணவனோ மாணவியோ பல்கலைக்கழக வாயிலை அடையக் கடக்கும் தூரம் மிகச் சிறிது. ஆனால், வாயிலைத் தாண்டியதும் கல்வியின் மொழி மாறிவிடுகின்றது. கலைப் பாடங்கள் 1960களிலேயே சிங்களத்துக்கும் தமிழுக்கும் வந்துவிட்டன. பொறியியலும் கணினி விஞ்ஞானமும் ஆங்கிலத்தை விட்டு அசையவில்லை. ‘மாறி’ என்றும் ‘அணி’ என்றும் பொருளுணர்ந்து கற்ற பொருள்களையே இம்மாணவர் புதிய பெயர்களுடன் மீண்டும் ஒருமுறை கற்க வேண்டியவராகின்றனர்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்று இன்று கருவிகள் பல வந்துள்ளன. நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் எடிட்டருக்குள்ளேயே மொழிபெயர்ப்பு நிகழ்கின்றது. ஆங்கிலச் சொல்லின் மீது சுட்டியை வைத்தால், சிறு பெட்டியொன்றிலே தமிழ் தோன்றும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விளக்கக் குறிப்பைத் தெரிவு செய்து ஒரு விசையை அழுத்தினால், அது தமிழில் வரும். தமிழில் எண்ணியதைத் தமிழில் எழுதினால், அதற்குப் பொருத்தமான ஆங்கிலப் பெயரையோ, நிரல் முழுவதையுமோ செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்துவிடும். 2015இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விசுவல் ஸ்டூடியோ கோட் போன்ற எடிட்டர்களிலே இத்தகைய இணைப்புகளை எவரும் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றை வரவேற்போர் பலர். ஆங்கிலம் அறியாதவனுக்கும் கணினியுலகின் கதவு திறந்துவிட்டது என்று அவர்கள் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியிலே நியாயம் உண்டு. பிழைச்செய்தியொன்றின் பொருள் விளங்காது இரவு முழுவதும் விழித்திருக்கும் மாணவனுக்கு அரை நிமிடத்திற் கிடைக்கும் தமிழ் விளக்கம் பெரிய உதவியே. அதை எள்ளி நகையாடுவது, ஆங்கிலம் வீட்டிலேயே வாய்க்கப்பெற்றவர்களின் செருக்கு. எனினும், ஒரு கருவி தனிமனிதனுக்கு அன்றைய பொழுதில் உதவுகிறதா என்பதுடன் விமர்சகனின் பணி முடிவதில்லை. எடிட்டரை மூடிய பின்னர் தமிழ் எங்காவது எஞ்சியிருக்கின்றதா என்றும் அவன் கேட்க வேண்டும். இக்கேள்வியையே உரைகல்லாகக் கொண்டு கருவிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலிற் சொல் மொழிபெயர்ப்பு. ஆங்கில நிரற்சொற்கள் தனித்து நிற்பவை. அவற்றின் பொருளை இடமே தீர்மானிக்கும். ‘ரிட்டர்ன்’ என்ற ஒரே சொல் ஆங்கிலத்திலே தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். தமிழிலே அது ‘திரும்பு’ ஆகுமா, ‘திருப்பு’ ஆகுமா? நிரல் வந்த இடத்துக்குத் திரும்புகின்றது. பெறுமானத்தைத் திருப்பிக் கொடுக்கின்றது. இரண்டும் நிகழ்கின்றன. ‘ரன்’ என்பதும் அவ்வாறே: நிரல் ஓடுகின்றது, நாம் அதை ஓட்டுகின்றோம். ‘ஓர்டர்’ ஓரிடத்தில் வரிசை, இன்னோரிடத்தில் ஆணை. ‘செட்’ கணிதத்திலே கணம். நிரலிலே பெரும்பாலும் ‘அமை’ என்னும் ஏவல். சுற்றுப்புறம் நோக்காது சொல்லைமட்டும் பெயர்க்கும் கருவி, இவற்றுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைக்கின்றது. தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவத்திலேயே வேறுபாடு காட்டும் மொழி நமது. ஆங்கிலம் மறைத்து வைக்கும் வேறுபாட்டைத் தமிழ் வெளியே சொல்லியாக வேண்டும். நல்லாசிரியன் ஒருவன் இதையே பாடமாக்கி, நிரலின் இயக்கத்தை ஆங்கில நூலைவிடத் தெளிவாக விளக்கக்கூடும். கருவியோ அவ்வாய்ப்பைப் பிழையாக மாற்றித் தருகின்றது.

இந்தச் சிறுபெட்டி முறைக்கு ஒரு வரலாறு உண்டு. மைக்ரோசொப்ட் தனது விசுவல் ஸ்டூடியோவின் 2010ஆம் ஆண்டுப் பதிப்புக்கெனச் சில மொழிகளில் இத்தகைய தலைப்புத் தொகுதிகளை வெளியிட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று. பட்டியல்களும் பொத்தான்களும் ஆங்கிலத்திலேயே இருக்கும். சுட்டி அணுகும்போது மட்டும் தமிழ் தோன்றி, அகலும்போது மறையும். இந்த அமைப்பிலே ஆங்கிலம் நிலையானது, தமிழ் வந்துபோவது. எடிட்டரை மூடினால், இல்லை, சுட்டியைச் சற்று நகர்த்தினாலே தமிழ் போய்விடும். இருவர் சேர்ந்து பேசவோ, ஏட்டில் எழுதவோ, வகுப்பிலே விவாதிக்கவோ அது கைக்கு அகப்படுவதில்லை.

எதிர்த்திசையிலான மொழிபெயர்ப்பு இதைவிட ஆழமான விளைவுடையது. ‘நாட்கூலி’ என்று தமிழில் எழுதினால், அதற்கோர் ஆங்கிலப் பெயரைக் கருவி தருகின்றது; மாணவன் எண்ணிய சொல் அழிந்து, ஆங்கிலச் சொல் நிரலிலே பதிகின்றது. 2021இல் முன்னோட்டமாக வெளியான கிட்ஹப் கோபைலட்டும், அதன் பின்வந்த உரையாடற் கருவிகளும் இதனைப் பெருமளவிற் செய்கின்றன. தமிழிற் சொன்ன நோக்கம் ஆங்கிலப் பெயர்கள் நிறைந்த நிரலாக வெளிவருகின்றது. இங்கே தமிழ் வேண்டுகோள் விடுக்கும் மொழி. ஆங்கிலம் ஆக்கும் மொழி. அத்துடன், இக்கருவிகள் வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் உட்கொள்கின்றன. ஒரே கருத்தைச் சொல்லும் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் ஆங்கில வாக்கியத்தைவிடக் கூடுதலான துண்டுகளாகின்றது; கட்டணமோ துண்டுக்கணக்கில் அறவிடப்படுகின்றது. ஆகவே, தாய்மொழியிற் கேட்கும் ஏழை மாணவனின் கேள்வி, ஆங்கிலத்திற் கேட்பவனின் கேள்வியைவிட விலை கூடியதாகிறது.

இயந்திரத்திடம் உள்ள தமிழ் யாருடையது என்பதையும் சிந்திக்க வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் அரசகரும மொழித் திணைக்களத்துடன் சேர்ந்து, சிங்களத்துக்கும் தமிழுக்குமிடையே அரச ஆவணங்களை மொழிபெயர்க்கும் ‘சி-த’ என்னும் முறைமையை உருவாக்கினர். அதன் அடிப்படை என்ன? அரச மொழிபெயர்ப்பாளர் பல்லாண்டு காலம் இருந்து எழுதிய ஆவணங்களும் சொற்றொகுதிகளுமே. உலகப் பெருங் கம்பனிகளின் கருவிகளும் இவ்வாறே நூலாசிரியரும் பத்திரிகையாளரும் முகந்தெரியாத ஆயிரமாயிரம் தன்னார்வலரும் எழுதிய தமிழை உண்டே வளர்ந்தவை. இயந்திரம் தானாக ஒரு தமிழையும் படைக்கவில்லை. மனித உழைப்பு அதிலே சேமித்து வைக்கப்பட்டுள்ளது. சேமித்த உழைப்பைச் செலவழிப்போர் பெருகி, புதிதாக உழைப்போர் குறைந்தால், நாளை கருவியிடமும் பழைய பிழைகளே மிஞ்சும். மனிதர் நிரலைப் பற்றித் தமிழில் எழுதினால்தான் இயந்திரமும் நிரலைப் பற்றிய நல்ல தமிழைச் சொல்லும்.

அடுத்து, செயலிகளின் திரைச் செய்திகளை மொழிபெயர்க்க உதவும் கருவிகளை நோக்குவோம். இவற்றிலே தமிழ் எஞ்சுகின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்கள் திரையில் அதனை வாசிக்கின்றனர். ஆனால், எத்தகைய தமிழ்? ஆங்கில வாக்கியத்திலே ஊர்ப்பெயருக்கென ஒரு வெற்றிடம் விடப்படுகின்றது. மொழிபெயர்ப்பாளன் அதன் பக்கத்தில் ‘இலிருந்து’ என்று எழுத வேண்டியவனாகின்றான். கண்டி ‘கண்டியிலிருந்து’ ஆகும். கொழும்பு ‘கொழும்பிலிருந்து’ ஆகும். யாழ்ப்பாணம் ‘யாழ்ப்பாணத்திலிருந்து’ ஆகும். உடம்படுமெய்யும் உகரக் கேடும் அத்துச் சாரியையும் ஆங்கில வெற்றிடத்துக்குத் தெரியா. ‘யாழ்ப்பாணம் இலிருந்து புறப்படும்’ என்று திரை சொல்கின்றது. ஒருவர் செய்தி அனுப்பினார் என்று காட்டும் இடத்திலே ‘அனுப்பினான்’, ‘அனுப்பினாள்’, ‘அனுப்பினார்’ என்னும் மூன்றில் எதை இடுவது என்பதும் அவ்வாறே முன்கூட்டித் தீர்க்கப்படாத சிக்கல்.

இதனை மொழிபெயர்ப்பாளனின் குறையென்று கடிந்துகொள்வோர் காரணத்தைக் காணாதவர்கள். நிரல் எழுதப்பட்ட வேளையிலேயே தமிழ் மனத்திற் கொள்ளப்படவில்லை. ஆங்கிலத்திலே கட்டி முடித்த வீட்டுக்குக் கடைசி நாளிலே தமிழ்ப் பெயர்ப்பலகை மாட்டப்படுகின்றது. தமிழின் வேற்றுமை அறிந்த ஒருவர் கட்டுமிடத்திலே இருந்திருந்தால், பெயருக்கேற்ப உருபைப் புணர்த்தும் சிறு செய்நிரற் பகுதியொன்றை எழுதியிருப்பார். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று; 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழுக்கும் அத்தகுதியை வழங்கிற்று. சட்டத்தின் எழுத்திலே கிடைத்த உரிமை, மக்கள் அன்றாடம் நிரப்பும் படிவத்தின் திரையிலே கிடைக்க வேண்டுமானால், அது நிரலின் அத்திவாரத்திலேயே இடப்பட வேண்டும்.

கலைச்சொல்லாக்கத்திலே நமக்கு ஒரு பெருமைக்குரிய மரபு இருக்கின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மானிப்பாயிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். அதற்கென நூல்களையும் சொற்றொகுதிகளையும் ஆக்கினார். 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கு நமது விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். அவரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமானார். அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒன்று, சொல்லை ஆக்கியவுடன் வகுப்பறைக்கு அதைக் கொண்டுசென்றமை. சொல் பிறந்ததும் அதற்கு வேலை கொடுக்கப்பட்டது.

இன்றைய நிலை வேறு. ‘பங்ஷன்’ என்பதற்கு நமது கணித வகுப்பிலே ‘சார்பு’ என்கிறோம்; தமிழ்நாட்டுப் பாடநூல் ‘செயற்கூறு’ என்கின்றது; எழில் என்னும் நிரல்மொழி ‘நிரல்பாகம்’ என்கின்றது; மொழிபெயர்ப்புக் கருவி ‘செயல்பாடு’ என்று நான்காவதொன்றைத் தருகின்றது. நான்கும் பொருளுள்ள சொற்களே. எது நிலைக்கும் என்பதை அகராதியினால் தீர்க்க முடியாது. வேலை செய்வோரின் வாய்தான் தீர்க்கும். சிறுபெட்டியிலே தனித்தனியாகத் தமிழைக் கண்டு மூடிவிடும் மாணவர் நூறு பேருக்குள் பேச்சு நிகழாததால், அத்தீர்ப்பும் நிகழ்வதில்லை.

தொழிற்சொல் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹந்தானைச் சரிவிலே ஏறினாற் போதும். 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் அங்கே நூதனசாலையாகத் திறந்திருக்கின்றது. அங்கு வைக்கப்பட்டுள்ள இயந்திரங்களின் பெயர்ப்பலகைகளைவிடச் சுவையான செய்தி, தோட்டத் தொழிலாளரின் நாவிலே உள்ளது. காலையில் ஆள்கணக்கெடுக்கும் ‘பரேட்’ அவர்கள் வாயிலே ‘பெரட்டு’ ஆயிற்று, குடியிருப்பு வரிசை ‘லயன்’ ஆயிற்று, துளிர் ‘கொழுந்து’, செடியை வெட்டிவிடுவது ‘கவ்வாத்து’. ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’. முதலாளியின் கணக்கிலே அது பாதியாக வெட்டப்பட்டால் ‘அரைப்பேர்’. இந்தக் கடைசிச் சொல்லிலே ஒரு கூலிமுறையின் அநீதி முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. எந்தக் குழுவும் கூடி இச்சொற்களை ஆக்கவில்லை. ஒன்றாக வேலை செய்தவர்கள் ஒன்றாகப் பேசினார்கள். பிறமொழிச் சொல்லானாலும் அதைத் தம் நாவுக்கு வளைத்தார்கள். பழஞ்சொல்லானாலும் அதற்குப் புதுப்பொருள் ஏற்றினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளே இன்று எடிட்டரின் முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு மட்டும் சொல்லாக்கும் உரிமை ஏன் இல்லாமற் போக வேண்டும்?

தமிழிலேயே நிரல் எழுதும் முயற்சி நடக்காமலில்லை. முத்தையா அண்ணாமலை 2007இன் இறுதியில் ஆக்கத் தொடங்கி 2009இல் அறிவித்த ‘எழில்’ குறிப்பிடத்தக்கது. அதிலே நிபந்தனையை முன்னே எழுதி, ‘ஆனால்’ என்ற சொல்லைப் பின்னே வைக்க வேண்டும். ஆங்கிலத்திலே ‘இஃப்’ முன்வரும். தமிழ் வாக்கியத்திலோ நிபந்தனையின் குறி கடைசியில் வரும். சொல்லைப் பெயர்ப்பதுடன் நில்லாது, தொடரமைப்பையும் தமிழாக்க முனைந்த இவ்வறிவு பாராட்டுக்குரியது. எமது உரைகல்லிலே எழில் தேறுகின்றது: எடிட்டரை மூடினாலும் தமிழ் எஞ்சுகின்றது. எனினும், பள்ளிப் பயிற்சிக்கென ஆக்கப்பட்ட மொழியைக் கொண்டு தொழிற்களத்திலே நிற்பது கடினம். பாடசாலையும் பாடத்திட்டமும் துணைநில்லாத தனிமனித முயற்சி எவ்வளவு சிறந்ததாயினும், அதன் வட்டம் குறுகியதாகவே இருக்கும்.

பிறநாட்டு அனுபவம் இங்கு வழிகாட்டும். 1968இல் வகுக்கப்பட்ட அல்கோல் 68 என்னும் நிரல்மொழி, தன் சொற்களைப் பிறமொழிகளிலும் எழுத இடமளித்தது. ரஷ்ய மொழியில் அதற்கு முறையான வடிவம் இருந்தது. சோவியத் அறிஞர் அந்திரேய் யெர்ஷோவ், நிரலாக்கம் மனிதனின் இரண்டாவது எழுத்தறிவு என்று 1981இற் கூறினார். 1985இல் அந்நாட்டுப் பாடசாலைகளிலே அது பாடமானபோது, அவருடைய குழுவினர் எழுதிய பாடநூல் ரஷ்யச் சொற்களாலான படிமுறை மொழியொன்றைக் கையாண்டது. கணினியே இல்லாத பாடசாலைகளிலும் தாளில் எழுதிக் கற்கத்தக்கதாக அது அமைந்தது. எழுத்தறிவு என்று ஒன்றைக் கருதினால், அதனை மக்களின் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது இயல்பாகப் பின்வரும்.

ஆங்கிலம் வேண்டாமென்பதோ இதன் பொருள் என்று கேட்பர். வேண்டும், உலகத்து நிரல்களையும் நூல்களையும் வாசிக்க அது வேண்டும். அதனை நன்கு கற்பிக்காதிருப்பதும் ஏழைக்குச் செய்யும் அநீதியே. ஆனால், சிந்திப்பதற்கும் விவாதிப்பதற்கும் தமிழைப் பயன்படுத்தியவன் ஆங்கிலத்தை ஒரு கருவியாகக் கையாள்வான்; அவ்வாறன்றி மனனம் செய்தவனை ஆங்கிலம் கையாளும்.

தமிழிலே வேலை செய்வதனாற் பிறக்கும் அறிவுக்கு ஓர் எளிய சான்று காட்டலாம். ஆங்கில நூல்கள் ஆரம்ப வகுப்பிலேயே ஒரு சொல்லின் எழுத்துக்களைத் தலைகீழாக்கும் பயிற்சியைத் தருகின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லை இட்டுப் பார்த்தால் என்ன நிகழும்? நம் கண்ணுக்கு அதில் மூன்று எழுத்துக்கள். ஒருங்குறியிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து. தலைகீழாக்கினால், புள்ளி அநாதையாக முன்னே நிற்கும். மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுத்து என்றால் என்ன, கணினி எதை எழுத்தாக எண்ணுகின்றது என்ற அடிப்படை வினா உடனே எழுகின்றது. ஆங்கிலப் பயிற்சியை மட்டும் செய்தவன் இவ்வினாவைச் சந்திப்பதே இல்லை. உயிர்மெய் எனத் தொல்காப்பியர் காலந்தொட்டு வகுத்து வைத்த இலக்கணம், இங்கே நவீன விஞ்ஞானப் பிரச்சினையொன்றைத் தீர்க்கும் ஆயுதமாகின்றது.

ஆகவே, ஆசிரியரும் மாணவரும் இன்றே செய்யக்கூடியவை சில உள. உயர்தரப் பாடத்திட்டத்தில் இடம்பெறும் பைத்தான், 2008இல் வெளியான 3ஆம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரிட இடம் தருகின்றது. ‘நாட்கூலி’, ‘கொழுந்து_நிறை’ என்று பெயரிட்டு வகுப்பிலே நிரல் எழுதலாம். இயந்திரம் மறுப்பதில்லை, நமது கூச்சமே மறுக்கின்றது. விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதலாம். கருவி தந்த சொல்லை அப்படியே ஏற்காது, வகுப்பின் சுவரிலே எழுதி, விவாதித்து, ஏற்றும் தள்ளியும் தொகுக்கலாம். பேராதனையிலே 1960களிற் பேராசிரியர் வித்தியானந்தன் கிராமத்து அண்ணாவிமாரை அழைத்துக் கூத்தை மேடையேற்றியபோது, பல்கலைக்கழகம் மக்களிடம் கற்றது. இன்றைய கணினி மாணவர் விடுமுறை நாட்களிலே தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்று தமிழிலே நிரலாக்கம் கற்பித்தால், கற்பிப்பதைவிடக் கூடுதலாகக் கற்பார்கள். சிங்கள மாணவரும் இதே சிக்கலைத் தம்மொழியிலே எதிர்நோக்குகின்றனர். வேற்றுமை உருபு அவர்களுக்கும் உண்டு. இருமொழி மாணவரும் சேர்ந்து உழைக்கத்தக்க பொதுக் களம் இது.

மொழிபெயர்ப்புக் கருவியை எறிந்துவிட வேண்டியதில்லை. அதனை ஊன்றுகோலாகக் கொள்ளலாம். ஆனால், அது தரும் தமிழை ஏட்டுக்கும் நிரலுக்கும் வகுப்பறைப் பேச்சுக்கும் கொண்டுவரும் உழைப்பு நம்முடையதாக இருக்க வேண்டும். தேயிலைத் தொழிலின் சொற்களை ஆக்கிய மக்கள், அத்தொழிலின் இலாபத்திலே பங்கு பெறவில்லை. கணினித் தொழிலிலோ அவர்தம் பிள்ளைகள் சொல்லையும் இழந்து பங்கையும் இழக்கும் நிலை வரலாகாது.